திருட்டுப்போன வசனம்

அகாபானேயில் ரயில் மேம்பாலத்தின் அடியில் போகும் சந்தில் தமாகி ஒரு சின்ன மதுக்கடை நடத்தி வந்தாள். ஏழு பேர் உட்காரலாம். எட்டாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. குடிக்க வந்தார்கள், பாட வந்தார்கள். புது முகம் யாராவது தென்பட்டால் கதை கேட்கவும் வந்தார்கள்.

"அக்கா, இவரு புதுசு. அந்த வசனம் திருட்டுப்போன கதையை எடுத்து விடு" என்று ஆரம்பித்து வைப்பவர் குழாய் வேலை செய்யும் ஷிராகுரா.

"போடா, உனக்குத்தான் மனப்பாடமாச்சே. நீயே சொல்லேன்."

"நான் சொன்னா அவருக்கு அழுகை வராதே, சிரிப்பில்ல வரும்!"

தமாகி கொஞ்ச நேரம் பிகு பண்ணுவாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தொடங்குவாள். பதினெட்டு வயதில் அவள் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தாள். பெயர் 'மொட்டைமாடி வகுப்பு'. பள்ளியை எதிர்த்துக் கலகம் செய்யும் மாணவிகளின் கதை. பாவாடை தரையைப் பெருக்கும், வாயில் எப்போதும் மிட்டாய்க் குச்சி இருக்கும், வாத்தியார்களைக் கண்டால் ஒரு முறைப்பு. அந்தக் கும்பலின் தலைவி தமாகிதான். அவளுக்கு வலது கை மாதிரி ஒருத்தி, ஹத்சுமி. தொடருக்குள் மட்டுமல்ல, வெளியிலும் அப்படித்தான். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே கிண்ணத்து நூடுல்ஸைப் பாதிப் பாதியாகத் தின்றவர்கள்.

ஒன்பதாவது பகுதியில் மொட்டைமாடிக் காட்சி வந்தது. ஒரு தோழியைப் பள்ளியை விட்டு நீக்கிவிடுகிறார்கள். இவர்கள் மேசைகளை அடுக்கி வழியை அடைத்துக்கொண்டு மழையில் நிற்கிறார்கள். தலைமையாசிரியர் குடையோடு ஏறி வருகிறார். அவரைப் பார்த்துத் தலைவி ஒரு வசனம் சொல்ல வேண்டும். 'எங்களை வெளியே தள்ளுங்க. ஆனா கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்க மூஞ்சியைப் பாருங்க!' அந்தத் தொடரே அந்த ஒரு வசனத்துக்காக எழுதப்பட்டது என்பாள் தமாகி.

"நான் வாயைத் திறக்கறேன். அதுக்குள்ள அந்த ஹத்சுமி ஒரே தாவு தாவி, எனக்கு முன்னால வந்து, கேமராவைப் பாத்து, என் வசனத்தைப் பேசிட்டா! நான் பொம்மையாட்டம் நிக்கறேன்."

"திரும்ப எடுக்க வேண்டியதுதானே?" என்று புது ஆள் கேட்பார். எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

"அந்தக் காலத்துல எங்கய்யா அதெல்லாம்! டேப் தங்கம் விலை. வெட்டினா திரும்பப் பயன்படாதுன்னு கத்தரியையே கிட்ட விடமாட்டாங்க. ஒரு காட்சின்னா முதல்லேருந்து கடைசிவரை ஒரே ஓட்டம். யாராவது தப்புப் பண்ணினா மொத்தமும் முதல்லேருந்து. மழைக்காக வெச்சிருந்த குழாயில தண்ணியும் தீந்து போச்சு. அதனால அவ பேசினதே அப்படியே நிலைச்சுடுச்சு."

அதற்குப் பிறகு தன் நடிப்பு வாழ்க்கை எழுந்திருக்கவே இல்லை என்று முடிப்பாள். புது ஆள் உச்சுக் கொட்டுவார். ஷிராகுரா அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றச் சொல்வார். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பொய் என்று சொல்ல யாராலும் முடியாது, ஏனென்றால் பார்ப்பதற்கு டேப்பே இல்லை. தொலைக்காட்சி நிலையத்தார் ஒளிபரப்பு முடிந்ததும் டேப்பை அழித்து அதன்மேல் வேறு எதையாவது பதிவு செய்துவிடுவார்கள். இந்தப் பெண்கள் தொண்டை கிழியக் கத்திய கலகத்தின் மேல் யாரோ பேஸ்பால் ஆடிவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் உபுகாதா என்ற பெண்மணியிடமிருந்து தொலைபேசி வந்தது. வார நாளில் வார்டு அலுவலகத்தில் வேலை, விடுமுறை நாளில் தொலைந்துபோன பழைய தொடர்களைத் தேடி ஊர் ஊராக அலைவது என்று இருக்கிற ஆள்.

"மேடம், மட்சுமோட்டோவில ஒரு பல் டாக்டர் அந்தக் காலத்துலயே வீட்டுல பதிவு மெஷின் வெச்சிருந்திருக்காரு. அவரு காலமானப்புறம் பையன் கிடங்கைக் காலி பண்ணும்போது கிடைச்சுது. 'மொட்டைமாடி வகுப்பு' ஒரே ஒரு பகுதி. ஒன்பதாவது."

தமாகி ரிசீவரை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மொட்டைமாடிக் காட்சி இருக்கா?"

"முழுசா இருக்காம். நான் இன்னும் பாக்கலை, டேப்புல பிடிச்ச பூஞ்சையை எடுத்துக்கிட்டிருக்காங்க. அசகாயாவுல ஒரு காப்பிக் கடை மாடியில போடறோம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்."

"நாலு என்ன, நாப்பது பேசறேன்!"

"ஹத்சுமி அம்மாவையும் கூப்பிட்டேன். நுமாசுவில கருவாட்டுக் கடை வெச்சிருக்காங்க. வரலைன்னுட்டாங்க."

"எப்படி வருவா? வந்து எந்த மூஞ்சியோட உக்காருவா?" என்றாள் தமாகி. படம் போடும் ஞாயிற்றுக்கிழமைக்கு முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சாட்சி கிடைத்துவிட்டது, இனிமேல் எவன் அவளைப் பார்த்துச் சிரிப்பான்?

காப்பிக் கடை மாடி நிறைந்துவிட்டது. மடக்கு நாற்காலிகள், ஒரு திரை, பக்கத்துச் சமையலறையிலிருந்து வறுத்த ரொட்டி வாசம். ஷிராகுராவும் கடையின் மற்ற வாடிக்கையாளர்களும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

படம் நடுங்கியபடி ஆரம்பித்தது. பல் டாக்டர் கருமியோ கறாரோ, விளம்பரம் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் படம் ஒரு துள்ளு துள்ளியது. ஜனங்கள் சிரித்தார்கள். தமாகியும் சிரித்தாள். திரையில் பதினெட்டு வயதுத் தமாகி பாவாடையை இழுத்துக்கொண்டு நடந்து வந்தபோது பின்னாலிருந்து, "அடேயப்பா, இவ்வளவு அழகா இருந்தியா அக்கா? அப்ப நடுவுல என்ன நடந்துச்சு?" என்றார் ஷிராகுரா. அவள் திரும்பி அவர் முழங்காலில் ஒன்று வைத்தாள்.

மொட்டைமாடி வந்தது. மழை. தலைமையாசிரியர் குடையோடு ஏறி வந்து நின்றார். கேமரா மெல்ல நகர்ந்து தமாகியின் முகத்துக்கு வந்து நின்றது.

அவள் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

யாரும் முன்னால் தாவவில்லை. யாரும் குறுக்கிடவில்லை. மழை பெய்கிறது, தமாகியின் வாய் திறந்தே இருக்கிறது, அவள் கண்கள் எதையோ தேடுகின்றன. நடிப்புத் தொழிலில் ஒரு நாள் இருந்தவளுக்குக்கூட அந்தக் கண்களைத் தெரியும். வசனம் மறந்துபோனவளின் கண்கள். தலைமையாசிரியராக நடித்த கிழவர் பாவம், குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி நேரம் கொடுக்கிறார். அப்போதும் வரவில்லை.

அப்போதுதான் ஓரத்திலிருந்து ஹத்சுமி வந்தாள். கேமராவைப் பார்த்து வரவில்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தமாகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வசனத்தைத் தமாகியின் கண்களைப் பார்த்தே சொன்னாள். கடைசிச் சொல்வரை திரையில் இருந்தது தமாகியின் முகம்தான். குரல் மட்டும்தான் ஹத்சுமியுடையது. எந்தத் திருடி கேமராவுக்கு முதுகைக் காட்டுவாள்?

வசனம் முடிந்ததும் திரையில் இருந்த தமாகி ஒரு காரியம் செய்தாள். கையை நீட்டி ஹத்சுமியின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் விழுந்தவள் கரையைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டாள்.

ஜனங்கள் கைதட்டினார்கள். பேச முடியாமல் நிற்கும் தலைவிக்காகத் தோழி பேசுகிறாள், அவள் முகத்தைப் பார்த்தே பேசுகிறாள், எழுதியவர் என்ன கெட்டிக்காரர் என்று பக்கத்து நாற்காலிக்காரர் தன் மனைவியிடம் சொன்னார். தமாகியின் பின்வரிசையில் மட்டும் யாரும் தட்டவில்லை.

"அக்கா" என்றார் ஷிராகுரா, தாழ்ந்த குரலில். "இதுல திருட்டு எங்க இருக்கு?"

விளக்கைப் போட்டு அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது வார்த்தை பேசுகிறேன் என்றவள் எழுந்து நின்றாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வாய்க்காது. கேட்பதற்கு அத்தனை பேர், அத்தனை பிரியமான முகங்கள். "ஹத்சுமி நல்லா நடிச்சிருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கோழை என்று தன்னைத்தானே வைதுகொண்டே உட்கார்ந்தாள், உட்கார்ந்ததென்னவோ உட்கார்ந்ததுதான்.

கடையை ஒரு வாரம் பூட்டிப் போட்டாள். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து, நல்ல கடையாகப் பார்த்து ஒரு பெட்டி யோகான் வாங்கினாள். பயற்றங்கூழில் கிண்டி இறுக்கிய இனிப்பு அது, செங்கல் மாதிரிக் கனக்கும். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் அதைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். தப்பு எவ்வளவு கனமோ பெட்டியும் அவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ரயிலில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, இதே மாதிரி ஒரு பெட்டி தன் கைக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. மொட்டைமாடிக் காட்சி எடுத்த மறுநாள். ஒப்பனை அறையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஹத்சுமி யோகான் பெட்டியோடு வந்து, இடுப்பு வளைய வணங்கி, 'நேத்து நான் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க' என்றாள். தமாகி பெட்டியை வாங்கிக்கொண்டு, 'போகட்டும், இனிமே செய்யாதே' என்றாள். மன்னிப்புக் கேட்டுவிட்டாளா, அப்படியானால் தப்பு அவளுடையதுதான் என்று தயாரிப்பாளர் முடிவுகட்டிவிட்டார். அடுத்த பகுதியிலேயே ஹத்சுமியின் பாத்திரத்தைத் தூக்கிவிட்டார்கள். 'அவ வேற ஸ்கூலுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா.' அந்த ஒரு வரி வசனத்தைச் சொன்னது தமாகிதான். அதை மட்டும் அவள் மறக்கவில்லை, தங்குதடையில்லாமல் சொன்னாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று அவள் கூப்பிடவில்லை, தானாக வந்தது. காட்சி முடிந்து நனைந்த துணியோடு நடைவழியில் நின்றபோது படப்பிடிப்புத் தளத்து மேலாளர் ஓடி வந்து, 'யார் வசனத்தை யார் சொன்னது?' என்று கத்தினார். தமாகிக்கு வேலை போய்விடும் என்ற பயம். யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. 'அவதான் முந்திக்கிட்டா.' பக்கத்தில் ஹத்சுமி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டிய கை நின்றது, அவ்வளவுதான். பிறகு அதையே ஒரு தடவை, பத்துத் தடவை, நாற்பது வருஷம் சொல்லிச் சொல்லி, தாவியதும் கேமராவைப் பார்த்ததும் எல்லாம் தாமாக முளைத்து, அவளே நம்பிவிட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்த நமஸ்காரத்துக்குத்தான் இப்போது ரயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

நுமாசு துறைமுகத்தில் கருவாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. பிளந்த பாரை மீன்களை வலைத்தட்டுகளில் வெயிலுக்குப் பரப்பி வைத்திருந்தார்கள். மூன்றாவது கடையில் ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக ஒருத்தி மீனைப் பிளந்துகொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை, தலை மட்டும் நிமிர்ந்தது.

"வாடி" என்றாள் ஹத்சுமி. "என்ன, இப்படிக் கிழவியாயிட்ட?"

"நீ மட்டும் என்னவாம்?"

"நான் உப்புத் தண்ணியில ஊறினவ. கெடமாட்டேன்."

தமாகிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. பெட்டியை இரு கையாலும் நீட்டி, ஈரத் தரையைப் பார்த்துக் குனிந்தாள். "டேப்பைப் பாத்தேன். நீ என்னைக் காப்பாத்தியிருக்க. நான் ஊரெல்லாம் உன்னைத் திருடின்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். மன்னிச்சுடு."

ஹத்சுமி கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். பெட்டியை வாங்கவில்லை. ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளி, "உக்காரு" என்றாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நான் உன்கிட்ட வந்து குனிஞ்சேனே, ஏன் தெரியுமா?"

"என் வேலை போயிடக் கூடாதுன்னு."

"அது பாதி. ஒருத்தர் மன்னிப்புக் கேட்டா எதிராளி என்ன சொல்லுவாங்க? 'ஐயோ, தப்பு என் மேலதான், நான்தான் கேக்கணும்'பாங்க. இல்லியா? காலை மிதிச்சவன் கேட்டா மிதிபட்டவனும் கேப்பான். அதுதானே நம்ம வழக்கம்! நீயும் சொல்லுவேன்னு நினைச்சேன். சொன்னா எல்லாருக்கும் விஷயம் புரிஞ்சு போயிடும், உன்னையும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதுக்காகத்தான் குனிஞ்சேன். நிமிரவே இல்லை, பாத்துக்க. உன் செருப்பையே பாத்துக்கிட்டு நின்னேன். சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு."

தமாகி தன் செருப்பைப் பார்த்தாள்.

"நீ 'போகட்டும்'னுட்ட" என்று ஹத்சுமி சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட ரொம்ப வருஷம் புலம்பியிருக்கேன். கண்ணாடியைப் பாத்தாலே உன் மேல கோவம் வரும். அப்புறம் ஒரு நாள் எனக்கே தோணிச்சு. பாவம், அவ பயத்துல உறைஞ்சு போயிருந்தா. அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னே அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. நிஜமாவே நான் முந்திக்கிட்டதா நினைச்சிருப்பா. தெரியாம செஞ்சவ மேல எத்தனை நாளைக்குடி கோவப்படறது? அன்னிக்கு விட்டேன். அதுக்கப்புறம் நல்லாத் தூங்கினேன். பிள்ளைங்க பொறந்துது, கடை வந்துது. உன்னை நினைச்சா சிரிப்புதான் வரும்."

அவள் தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மிகச் சாதாரணமாகக் கேட்டாள். "அன்னிக்கு உனக்குத் தெரியாதுதானே?"

ஒரு தலையசைப்பு போதும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பெட்டியை வாங்கிக்கொள்வாள், கருவாடு சுட்டுப் போடுவாள், இருவரும் பழைய அறையைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். தமாகிக்கு அது அத்தனையும் வேண்டும். அவளுக்கு வேறு தோழியே வாய்க்கவில்லை. ஆனால் இன்னொரு முறை அதே வாயால் அதே ஆளிடம் பொய் சொல்வதா? உண்மையைச் சொன்னால் இந்தத் தடவையாவது மனுஷியாகிவிடலாம் என்று நினைத்தாள். அவள் தன்னைப் பற்றித்தான் நினைத்தாள், அப்போதும்.

"தெரியும்" என்றாள். "காட்சி முடிஞ்சதும் உன் கையைப் பிடிச்சேனே. அப்பவே தெரியும். மேலாளர் கேட்டப்போ தெரிஞ்சேதான் சொன்னேன். நீ குனிஞ்சு நின்னப்பவும் தெரியும். அப்புறம்தான் மறந்தேன்."

ஹத்சுமி காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று தமாகி காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. தட்டுகளின் மேல் ஈ விரட்டும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரன் வானொலியில் யாரோ வானிலை வாசித்தார்.

"ஏன்டி சொன்ன?" என்றாள் ஹத்சுமி கடைசியில். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "உன் மேல கோவமில்லாம இருக்கறதுக்கு எனக்கு எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா? வேஷம் போச்சு, பேர் போச்சு, சரின்னு விட்டேன். அது ஒண்ணுதான் நானா சம்பாரிச்சு வெச்சிருந்தேன். அதையும் எடுத்துட்டுப் போக இவ்வளவு தூரம் வந்தியா?"

மன்னிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்து, ஹத்சுமி இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கிய தூக்கத்தைத் தமாகி பிடுங்கிவிட்டாள். திருப்பிக் கொடுக்க வழியும் இல்லை.

வாசலில் ஒரு சுற்றுலாக் கும்பல் வந்து நின்றது. ஹத்சுமி எழுந்தாள். ஏப்ரனால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். தமாகி கீழே வைத்திருந்த பெட்டியை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்து, கடைக்கு வந்துபோகிற எவருக்கும் செய்கிற மாதிரி அளவாகத் தலை குனிந்தாள்.

"ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. நன்றிங்க. ஸ்டேஷன் பஸ் எதிர்ப்பக்கம் வரும், பாத்துப் போங்க" என்றாள். பிறகு சுற்றுலாக்காரர்களைப் பார்த்து, "வாங்க, வாங்க, இன்னிக்குக் காலையில பிளந்த மீன்" என்று அதே குரலில் கூப்பிட்டாள்.